அசதியின் வரலாறு

"ஒரே அசதியா இருக்கு" என்று ஒரு பெண் சொன்னால், அதை நோயின் அறிகுறியாகக் காதில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. வேலை செய்தால் அசதி வரும்தானே என்பார்கள். வயதுக்கு வந்த புதிதில் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பிள்ளை பெற்ற பிறகு ஒரு காரணம், மாதவிடாய் நிற்கும் வயதில் இன்னொரு காரணம். இரும்புச்சத்து மாத்திரை, ஒரு சத்து ஊசி, அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அசதியில் தொடங்கி, பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள், அசதியாகவே தன்னைக் காட்டிக்கொண்டிருக்கும் நோய் ஒன்று உண்டு. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்று எழுதுகிறார்கள். மருத்துவமனை வராந்தாக்களில் எல்லோரும் சொல்வது சி.எம்.எல்.

இந்த நோயின் வரலாற்றை ஒரு மாத்திரையின் வெற்றிக்கதையாகச் சொல்வதே வழக்கம். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கதையின் ஓரங்களில் ஒரு சமையல்காரி, ஒரு பகுதிநேர ஊழியை, ஒரு தமக்கை, ஒரு நீதிபதி என்று பெண்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். லால்குடிக்காரியான எனக்கு அவர்களில் இருந்து தொடங்குவதுதான் சரியாகப் படுகிறது. எங்கள் வீட்டிலும் ஒருத்தி அந்த ஓரத்தில் நின்றாள்.

முதலில் சமையல்காரி. 1845ஆம் ஆண்டு பெர்லினின் சாரிடே மருத்துவமனையில் 50 வயதுப் பெண் ஒருவர் சேர்க்கப்பட்டார். தொழில் சமையல். கடும் சோர்வு, மூக்கில் ரத்தக் கசிவு, கால் வீக்கம், வயிறு வீக்கம். சில மாதங்களில் இறந்துபோனார். உடற்கூறு பார்த்த இளம் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, மண்ணீரல் மிகப் பெரிதாகி இருந்ததையும் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அளவுமீறிப் பெருகியிருந்ததையும் கண்டு, 'வெள்ளை ரத்தம்' என்று எழுதினார். அதே ஆண்டு எடின்பரோவில் ஜான் பென்னட் இதேபோன்ற ஒன்றை விவரித்தார். விர்ச்சோ 1847இல் வைத்த பெயர்தான் இன்றைய லுகீமியா. யார் முந்தி என்று பின்னால் சண்டையும் நடந்தது. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. வீங்கிய காலோடும் வயிற்றோடும் அந்தப் பெண் எத்தனை நாள் அடுப்பின் முன் நின்றிருப்பார் என்றுதான் யோசிக்கிறேன். அதை யாரும் குறித்துவைக்கவில்லை.

அதன்பிறகு நூறு ஆண்டுக்கு மேல் நோய்க்குப் பெயர் இருந்தது, காரணம் தெரியவில்லை. ஆர்சனிக் கரைசல் கொடுத்தார்கள், மண்ணீரலுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள், 1950களில் புசல்ஃபான் என்ற மாத்திரை வந்தது. எல்லாம் வெள்ளை அணுக்களைக் குறைத்தன, நோயை நிறுத்தவில்லை. நாலைந்து வருடத்தில் நோய் தன் அமைதியான கட்டத்தை விட்டு வேகமெடுக்கும். கடைசிக் கட்டத்தில் முதிராத அணுக்கள் ரத்தத்தை நிறைத்துவிடும். 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். அந்த ஊர்ப் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. வெட்டுப்பட்ட துண்டு எங்கே போனது என்பது மட்டும் தெரியவில்லை. தொலைந்துபோயிருக்கும் என்றே நினைத்தார்கள்.

அதைத் தேடி எடுத்தவர் ஜேனட் ரௌலி. 1925இல் பிறந்தவர். சிகாகோ மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தும் உடனே சேர முடியவில்லை. 65 பேர் கொண்ட வகுப்பில் பெண்களுக்கு மூன்றே இடம். அந்த மூன்றும் நிரம்பிவிட்டன. ஒன்பது மாதம் காத்திருந்து சேர்ந்தார். 1948இல் பட்டம் வாங்கிய மறுநாள் திருமணம். நான்கு மகன்கள். அவர்கள் வளரும்வரை வாரத்தில் சில நாள்கள் மட்டும் வேலைக்குப் போனார், மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கான ஒரு மருத்துவகத்தில். கணவருடைய ஆய்வு விடுப்புக்காக ஆக்ஸ்ஃபோர்டு போனபோது, குரோமோசோம் படிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார். சிகாகோ திரும்பி, தனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியரிடம் போய், ஒரு நுண்ணோக்கி, கொஞ்சம் இடம், குழந்தை பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கொடுக்கும் அளவுக்காவது சம்பளம் என்று கேட்டு வாங்கினார். சம்பளம் ஆண்டுக்கு 5,000 டாலர்.

1972. புதிய சாய முறையில் குரோமோசோம்களில் பட்டை பட்டையாகக் கோடு தெரியத் தொடங்கியிருந்த காலம். ரௌலி அணுக்களின் நிழற்படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, குரோமோசோம்களைக் கத்தரித்து ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த மேசையில்தான் அவருக்குத் தெரிந்தது: 22ஆம் குரோமோசோமில் குறைந்த துண்டு 9ஆம் குரோமோசோமின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் இடம் மாற்றிக்கொண்டிருக்கின்றன. 1973 ஜூனில் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரையாக வெளிவந்தது. மரபணு இடம் மாறியதால் புற்றுநோய் வரும் என்பதை அப்போது பலரும் நம்பத் தயாராக இல்லை.

சாப்பாட்டு மேசைக் கதையை ரசித்துச் சொல்பவர்கள் உண்டு. பாருங்கள், வீட்டில் இருந்தபடியே சாதித்தாள் என்று. எனக்கு அப்படி ரசிக்க வரவில்லை. அவருக்கு ஆய்வுக்கூடத்தில் முழுநேர இடம் இருந்திருந்தால் மேசையைத் துடைத்துவிட்டுப் படங்களைப் பரப்பவேண்டிய தேவை இருந்திருக்காது.

அவர் கண்டது என்ன என்பதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 9ஆம் குரோமோசோமில் ஏபிஎல் என்று ஒரு மரபணு, 22இல் பிசிஆர் என்று ஒரு மரபணு. துண்டுகள் இடம் மாறும்போது இவை இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய மரபணு ஒரு புரதத்தை உண்டாக்கும். அணுவே, பெருகு என்று கட்டளையிடுவது அதன் வேலை. இயல்பான உடலில் இந்தக் கட்டளைக்குத் திறப்பும் உண்டு, அடைப்பும் உண்டு. ஒட்டுப் புரதமோ மூடவே முடியாத தெருக்குழாய். எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் பொங்கிக்கொண்டே இருக்கும். பிறப்பில் வருவதல்ல இது; பரம்பரையாக இறங்குவதும் இல்லை, தொற்றுவதும் இல்லை. 'யார் வீட்டுச் சாபமோ' என்று மருமகளைப் பார்த்துக் கேட்கும் வீடுகளில் இதை உரக்கச் சொல்லவேண்டியிருக்கிறது.

என் சித்திக்கு நோய் தெரிந்தது 2008இல். அதற்கு முன் இரண்டு வருடமாக அவள் அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு மா நிலம், இரண்டு மாடு, காலையில் பால் சொசைட்டி, பிறகு களத்து வேலை, வீட்டு வேலை. உடம்பு இளைத்தது. இடது விலாவுக்குக் கீழே கனமாக இருந்தது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது. ராத்திரியில் வேர்த்துக் கொட்டியது. பெயர் சொல்லவேண்டாத ஒரு மருத்துவர், நாற்பத்தைந்து வயதில் பொம்பளைகளுக்கு இதெல்லாம் சகஜம் என்றார். வாராவாரம் ஊசி. பிறகு உதிரப்போக்கு அதிகமானது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். அறுவைக்கு முன் எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 1,86,000. இருக்கவேண்டியது 4,000இல் இருந்து 11,000. லேபில் இருந்த பெண் இயந்திரக் கோளாறு என்று நினைத்து மறுபடி ரத்தம் எடுத்தாள். மறுபடியும் அதே எண்.

அந்த லேப் பெண்ணைத்தான் நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சி.எம்.எல். பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடுகிறது, வேறு எதற்கோ எடுத்த ரத்தத்தில். அதன்பிறகு ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தால், பிஞ்சு, காய், பழம் எல்லாம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்ததுபோல எல்லாப் பருவத்து வெள்ளை அணுக்களும் தெரியும். மஜ்ஜை எடுத்து குரோமோசோம் பார்ப்பார்கள். ஒட்டு மரபணு எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தில் அளப்பார்கள். அந்தப் பரிசோதனையின் பெயரும் பிசிஆர்தான். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் மரபணுவும் பரிசோதனையும் ஒன்றாகிவிடும்; சித்தியின் ஃபைலைப் படித்து நாங்கள் குழம்பிய குழப்பம் கொஞ்சமல்ல.

திருச்சியில் ரத்தநோய் மருத்துவர் விளக்கி முடித்ததும் சித்தி அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் சொன்னது: "அப்ப இத்தன நாளா எனக்கு நெசமாவே முடியாமத்தான் இருந்திருக்கு."

மருந்து இருந்தது. ஒட்டுப் புரதம் சக்தி எடுத்துக்கொள்ளும் பொந்தில் போய் அடைத்துக்கொள்ளும் இமாட்டினிப். 1998இல் பிரையன் ட்ரூக்கர் மனிதர்களிடம் சோதனையைத் தொடங்கினார். 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது. தினம் 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு. நாலைந்து வருடம் என்று எண்ணிக்கொண்டிருந்த நோயில், இந்த மருந்தோடு தொடங்கியவர்களில் பத்து ஆண்டு கழித்தும் 80 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளீவெக் என்ற பெயரில் விற்றது. இந்தியாவில் ஒரு மாதத்துக்கு விலை ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய்.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் ஒரு வழக்கு நடந்தது. அதில் பெரும்பகுதி நடந்தது சென்னையில்.

வழக்குக்கு முன்பு அடையாற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். புற்றுநோய்க்கு மருத்துவம் கேட்பது ஏழையின் உரிமை என்ற பேச்சை இந்த மாநிலத்தில் தொடங்கிவைத்தவர் ஒரு பெண். முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1923இல் தங்கை புற்றுநோயில் இறப்பதை, மருத்துவராக இருந்தும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் பேசினார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்பதே ஆட்சியில் இருந்தவர்களின் பதிலாக இருந்தது. இந்திய மாதர் சங்கம் நிதி திரட்டியது. 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. அதன் பெயரில் இன்றும் மாதர் சங்கம் இருக்கிறது. தேவதாசி ஒழிப்பில் முத்துலட்சுமி எடுத்த நிலைப்பாட்டோடு முரண்படுகிற பெண்ணியவாதிகள் உண்டு. நானும் சில இடங்களில் முரண்படுகிறேன். ஆனால் இந்த 12 படுக்கையில் எனக்கு முரண்பாடு எதுவும் இல்லை. அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும், அரசுப் பணி கைக்கு வந்தும் அதை விட்டு 1955இல் வந்துசேர்ந்த வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

இனி வழக்கு. இமாட்டினிப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு, 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நோவார்ட்டிஸ் விண்ணப்பித்தது. அன்று இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. 2005இல் சட்டம் திருத்தப்பட்டபிறகுதான் வந்தது. திருத்தும்போதே 3(டி) என்ற பிரிவையும் மாற்றி எழுதினார்கள். ஏற்கெனவே தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமென்றால், அது நோயைக் குணப்படுத்துவதில் கூடுதல் பலன் தருகிறது என்று காட்டவேண்டும். புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் எதிர்ப்பு மனு போட்டது. 2006 ஜனவரியில் விண்ணப்பம் தள்ளுபடியானது. அந்தப் பிரிவே செல்லாது என்று நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் அந்த வாதத்தை ஏற்க மறுத்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் 2013 ஏப்ரல் 1 அன்று, ஆஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அமர்வு காப்புரிமை கிடையாது என்று முடித்துவைத்தது. உடல் 30 சதவீதம் கூடுதலாக மருந்தை உறிஞ்சுகிறது என்பது நோய் கூடுதலாகக் குணமாகிறது என்பதற்குச் சான்றாகாது என்பது அதன் சாரம்.

நியாயத்துக்குச் சொல்லவேண்டும்: நோவார்ட்டிஸ் தன் திட்டத்தின் வழியாக இந்தியாவில் பல ஆயிரம் பேருக்கு மருந்தை இலவசமாகவும் கொடுத்தது. அதனால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கொடை, கொடுப்பவர் மனம் இருக்கும்வரை. வருமானச் சான்று, குறிப்பிட்ட மருத்துவமனை, குறித்த நாளில் போய் நிற்பது என்று அதற்கு ஒரு நடை இருந்தது. துணைக்கு ஆள் இல்லாமல் வெளியூர் போக முடியாத ஒரு பெண்ணுக்கு அந்த நடை எவ்வளவு தூரம் என்பதை யாரும் அளக்கவில்லை.

பிரபா ஸ்ரீதேவன் என்ற பெயரில் நான் நின்றுவிடக் காரணம் இன்னொரு தீர்ப்பு. 2009இல், விபத்தில் தாயை இழந்த ஒரு சிறுமிக்கான இழப்பீட்டு வழக்கு அவர் அமர்வுக்கு வந்தது. இறந்தவர் இல்லத்தரசி. சம்பளம் இல்லாத பெண்ணின் உயிருக்கு என்ன கணக்கு? வீட்டு வேலையை எப்படியெல்லாம் மதிப்பிடலாம் என்று அந்தத் தீர்ப்பு வழி வழியாக எடுத்து அலசியது. அவள் வெளியே போயிருந்தால் என்ன சம்பாதித்திருப்பாள் என்று பார்க்கலாம். அவள் செய்ததை ஆள் வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். திருமணத்தைச் சம பங்குத் தொழிலாகக் கொண்டும் பார்க்கலாம். பின்னாளில் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவராக, 2013 மார்ச்சில் இன்னொரு புற்றுநோய் மருந்துக்குக் கொடுக்கப்பட்ட கட்டாய உரிமத்தையும் அவரது அமர்வு உறுதிசெய்தது. மாதம் 2,80,000 ரூபாய் மருந்து 8,800 ரூபாய்க்கு வந்தது. ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுபோனவரும் இவரே. வீட்டுக்குள் இருக்கும் பெண்களின் பேசாத கணக்குகளை எழுதியவர் சூடாமணி என்பதால், இது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

மருந்து விலையும் வீட்டு வேலையின் விலையும் வேறு வேறு வழக்குகள் என்று சட்டம் படிப்பவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் அவை ஒரே வழக்காகத்தான் வந்தன. மாதம் எட்டாயிரம், அதுவும் ஆயுள் முழுக்க என்றதும், உறவில் பெரியவர் ஒருவர் சொன்னார்: "நெலத்த வித்துப் பொம்பளைக்கு வைத்தியமா? பசங்களுக்கு என்ன வைப்ப?" சித்தப்பா பதில் பேசவில்லை. சித்தி பேசினாள். தன் பால் காசு மாதம் எவ்வளவு, நடவுக்கும் களையெடுப்புக்கும் தான் இறங்காமல் ஆள் விட்டால் கூலி எவ்வளவு, மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணினாள். எட்டாயிரத்தைத் தாண்டியது. எந்தத் தீர்ப்பையும் அவள் படித்ததில்லை. ஒரு மா நிலம் போனது. நகையில் பாதி போனது. மருந்து விலை பிறகு இறங்கியது. அவள் இருக்கிறாள்.

மருந்து சும்மா விடவில்லை. கண்ணிமை வீங்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், குமட்டும். தோலின் நிறத்தையும் வெளுக்கவைக்கும். கறுத்த சித்தி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தாள். "நல்லா நெறம் வந்துட்டியே, என்ன போடுற?" என்று கல்யாண வீடுகளில் கேட்டார்கள். புற்றுநோய் மாத்திரையின் பக்கவிளைவுக்குக்கூட நம் ஊரில் பாராட்டு கிடைக்கும்.

வெறும் வயிற்றில் போடக்கூடாத மாத்திரை. நாளின் பெரிய சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் தண்ணீரோடு போடவேண்டும். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிற பெண்ணுக்கு எது பெரிய சாப்பாடு? சனிக்கிழமை ஒருபொழுது, ஆடி வெள்ளி விரதம், நாத்தனார் வீட்டு விசேஷம் என்று மாத்திரை தள்ளிப்போகும். அடையாறு மருத்துவமனையில் 500க்கும் மேற்பட்ட சி.எம்.எல். நோயாளிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையில், பத்தில் ஏறத்தாழ மூன்று பேர் மாத்திரையை ஒழுங்காக எடுக்கவில்லை. அவர்களிடம் நோய் முற்றுவதும் கூடுதலாக இருந்தது. இடையில் விட்டால் ஒட்டு மரபணு திரும்ப ஏறும். அதனால்தான் அளந்துகொண்டே இருக்கவேண்டும்: மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குக் கீழ், ஆறு மாதத்தில் 1 சதவீதத்துக்குக் கீழ், ஓராண்டில் 0.1. அந்த அளவு வராவிட்டால் டாசட்டினிப், நிலோட்டினிப் என்று அடுத்த மருந்துகள் உண்டு. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இன்று சிலருக்கு மட்டுமே தேவைப்படுகிறது.

கல்லூரி மாணவிகள் படிக்கக்கூடும் என்பதால் இன்னொன்று. மேலை நாடுகளில் இது அறுபதைத் தாண்டியவர்களின் நோய். இந்தியாவில் கணிசமானவர்களுக்கு முப்பதுகளிலும் நாற்பதுகளின் தொடக்கத்திலும் வருகிறது. அதாவது, பிள்ளை பெறும் வயதில். இமாட்டினிப் கருவைப் பாதிக்கக்கூடியது. மருந்து எடுக்கும்போது கர்ப்பம் கூடாது என்பார்கள். ஆணுக்கு இந்தத் தடை பெரிதாக இல்லை. கல்யாணத்துக்கு முன் நோய் தெரிந்தால் மறைப்பதும், தெரியாமல் கல்யாணம் ஆனபின் ஒரு வருடம்கூட விடாமல் 'விசேஷம் உண்டா' என்று கேட்பதும், அதற்குப் பதிலாகப் பெண் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதும் நடக்கின்றன.

மருத்துவத்தில் இதற்கு வழியே இல்லை என்பதில்லை. ஒட்டு மரபணு பல ஆண்டுகள் அளவிட முடியாத நிலையில் இருந்தவர்கள், மருத்துவர் கண்காணிப்பில் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம் என்று பிரான்சில் 100 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் காட்டியது. ஏறத்தாழ நாற்பது பேருக்கு நோய் திரும்பவில்லை, திரும்பியவர்களுக்கு மருந்து மறுபடி வேலை செய்தது. அந்த இடைவெளியில் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் நோய் தலைதூக்கினால் இன்டர்ஃபெரான் ஊசி போட்டுச் சமாளிக்கலாம். இதற்கெல்லாம் மாதாமாதம் பரிசோதனை வேண்டும், அதைச் செய்யும் லேப் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், கூட வர ஒருவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், எனக்குப் பிள்ளை வேண்டும், அல்லது வேண்டாம் என்பதை அவள் மருத்துவரிடம் தானே சொல்லவேண்டும். சித்தியோடு நான் உட்கார்ந்திருந்த வரிசைகளில் இளம்பெண்கள் பலர் இருந்தார்கள். உள்ளே போனதும் பேசியது பெரும்பாலும் மாமியாரோ கணவரோதான். ஒரே ஒரு பெண் மட்டும், கதவருகே போனவள் திரும்பி, "நீங்க வெளிய இருங்கத்தை, நானே பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஃபைலைத் தன் கையில் வாங்கிக்கொண்டு போனாள்.